சான்சலரின் கண்ணாடி பங்களா: நவீனத்துவக் கட்டடக்கலைக்கு ஓர் எளிய அறிமுகம்

பங்களா என்றதும் நம் எல்லோர் மனதிலும் எழுவது ஏறக்குறைய ஒரே படம்தான். உயரமான இரும்பு கேட், கார் வந்து நிற்க ஒரு போர்டிகோ, உருண்டைத் தூண்கள், வளைந்து ஏறும் மாடிப்படி, வாசலில் 'நாய் ஜாக்கிரதை' பலகை. சினிமாவில் பணக்கார அப்பா டிரெஸ்ஸிங் கவுனோடு இறங்கி வருவாரே, அந்த வீடு.

ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் இருக்கும் பான் நகரத்தில் ஒரு 'சான்சலர் பங்களா' இருக்கிறது. ஜெர்மன் மொழியிலும் அதன் பெயர் கிட்டத்தட்ட அதுவேதான்: கான்ஸ்லர்பங்கலோ. சான்சலர் என்றால் அங்கே அரசாங்கத்தின் தலைவர், நம் பிரதமர் மாதிரி. ஜெர்மன் அரசாங்கம் பானில் இயங்கிய காலத்தில், 1964 முதல் 1999 வரை, சான்சலர்களின் அதிகாரபூர்வ இல்லம் இது. இப்போது யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்துகொண்டு போய்ப் பார்க்கலாம்.

போர்டிகோவையும் உருண்டைத் தூண்களையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். மரங்களுக்கு நடுவே ஒரே தளத்தில் தாழ்வாகப் பரந்து கிடக்கும் வீடு. மொட்டையான தட்டைக் கூரை, மெல்லிய எஃகுத் தூண்கள், மீதிக்குப் பெரும்பாலும் கண்ணாடி. கோபுரம் இல்லை, படிக்கட்டு வரிசை இல்லை, சிங்கத்தலை இல்லை. தோட்டத்தில் யாரோ ஒரு பெரிய பெட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போனது போல இருக்கும்.

பங்களா என்ற சொல் வங்காளத்தில் பிறந்தது. வங்க நாட்டு வீட்டைக் குறித்த சொல்லை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கச் சுமந்து போனார்கள். நம்மிடம் அது துரைமார் வீடாகி, பிறகு பணக்கார வீடாகி, மாடிமேல் மாடி ஏறிவிட்டது. ஜெர்மனிக்குப் போனபோது மாடியே இல்லாத, தட்டைக் கூரை போட்ட ஒற்றைத் தள வீடு என்ற பொருளில் தங்கிவிட்டது. 1950, 60களில் அங்கே கொஞ்சம் வசதி வந்த குடும்பங்கள் ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டு வகை அது. அதாவது, நாட்டின் தலைவருக்கு அரண்மனை வேண்டாம், வசதியான ஒரு குடும்பம் கட்டிக்கொள்வது போன்ற வீடு போதும் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னபடி நடந்ததா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வீட்டைக் கட்டடக்கலைக்காரர்கள் 'நவீனத்துவக் கட்டடம்' என்பார்கள். அது என்ன என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை. நாம் பேச்சில் சொல்லும் 'மாடர்ன் வீடு' வேறு, இது வேறு. மாடர்ன் என்றால் நமக்குப் புதுசு, அவ்வளவுதான். நவீனத்துவம் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட கொள்கையோடு எழுந்த இயக்கம். 1920களில் கட்டிய வீடும் நவீனத்துவ வீடாக இருக்கலாம். போன மாதம் கிரகப்பிரவேசம் நடந்த வீடு அப்படி இல்லாமலும் போகலாம்.

சுவர் எதற்கு?

வீடு கட்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இரண்டு முறை சொல்வார்கள். ஒன்று, சுவரே கூரையைத் தாங்கும் வீடு. இன்னொன்று, பில்லர் எழுப்பி, பீம் போட்டு, அதன்மேல் கூரை போடும் வீடு. நவீனத்துவத்தின் பாதி ரகசியம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முதல் முறையில் சுவர் வேலைக்காரன். கூரையின் பாரம் முழுதும் அவன் தலையில். அவனைக் குடைந்து பெரிய ஜன்னல் வைக்க முடியாது. வைத்தால் மேலே லிண்டல் கொடுக்க வேண்டும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. பழைய கோட்டைகள், தேவாலயங்கள், அரண்மனைகள் எல்லாம் தடித்த சுவரும் குறுகிய திறப்புமாக இருப்பதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை. பாரம்தான் முதல் காரணம்.

இரண்டாம் முறையில் பாரம் தூண் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. சுவருக்கு இனி வேலையே இல்லை. அது வெறும் தடுப்பு. அதை நகர்த்தலாம். மெல்லியதாக்கலாம். கண்ணாடியாக்கலாம். சில இடங்களில் எடுத்தே விடலாம். எஃகும் கான்கிரீட்டும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இது எல்லோருக்கும் சாத்தியமானது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் பில்லர் போட்டுக் கட்டிவிட்டு, இடையில் பழையபடியே செங்கல் சுவர் எழுப்பி, அதன் நடுவில் நாலுக்கு நாலு ஜன்னல் வைக்கிறோம் இல்லையா? 'சுவருக்குத்தான் விடுதலை கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் அடிமை மாதிரி நிற்க வேண்டும்?' என்று கேட்டவர்கள்தான் நவீனத்துவக்காரர்கள்.

இந்தக் கேள்வியை உரக்கக் கேட்ட இடங்களில் ஒன்று ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி. வால்டர் குரோப்பியஸ் 1919இல் வைமர் நகரத்தில் தொடங்கினார். பிறகு டெசாவுக்கு மாறியது, கடைசியில் பெர்லினுக்கு. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் மூடப்பட்டது. அதன் கடைசி இயக்குநர் மீஸ் வான் டெர் ரோ. இவர் 1929இல் பார்சிலோனா உலகக் கண்காட்சிக்காக ஜெர்மன் குடியரசின் சார்பில் ஒரு கண்காட்சிக் கூடம் கட்டினார். எட்டு மெல்லிய தூண்கள், மேலே ஒரு தட்டைப் பலகை போலக் கூரை, இடையில் எதையும் தாங்காமல் சுதந்திரமாக நிற்கும் பளிங்குச் சுவர்களும் கண்ணாடிகளும். நாம் பேசும் பான் பங்களாவுக்கு இதைப் பெரியப்பா என்று சொல்லலாம்.

தூணுக்கு அடுத்தது அலங்காரம். பூவேலை, கொடிவேலை, சிற்பம் எதுவும் வேண்டாம் என்றார்கள். அதற்காக அழகே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கல்லின் வரி, மரத்தின் ரேகை, செங்கல்லின் நிறம் இதுவே போதும், மேலே எதையும் ஒட்டாதே என்பதுதான் வாதம். இது எளிமை என்று நினைத்தால் பாதிதான் சரி. மூடி மறைக்கப் பூச்சோ பூவேலையோ இல்லாதபோது ஒவ்வொரு இணைப்பும் கண்ணுக்குத் தெரியும். மேஸ்திரியின் கை கொஞ்சம் தவறினாலும் தெரிந்துவிடும். வெறுமையாகத் தெரியும் வீடு பல நேரம் செலவு பிடித்த வீடு.

மூன்றாவது, உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் கோட்டை அழிப்பது. தரை முதல் கூரை வரை கண்ணாடி. உள்ளே இருக்கும் கல் தரை வாசற்படி இல்லாமல் வெளியே நீளும். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிழல் தரும். அறையில் உட்கார்ந்தால் எதிரே இருக்கும் மரம் அறைக்குள் இருப்பது போலத் தோன்றும். நம் பழைய வீடுகளில் திண்ணையும் முற்றமும் செய்த வேலைக்கு இது தூரத்து உறவு. ஆனால் முற்றத்தில் மழை உள்ளே விழும். இங்கே மழை கண்ணாடிக்கு அப்பால் விழும், நாம் உள்ளிருந்து பார்ப்போம்.

146 மீட்டர் நடை

சரி, ஒரு வீடு இப்படிக் கட்டப்படுவது அதைக் கட்டியவரின் ரசனை. ஒரு அரசாங்கம் ஏன் இப்படிக் கட்ட வேண்டும்? இதற்கு விடை தெரிய அந்த பங்களாவுக்கு 25 வருடம் முன்னால் போக வேண்டும்.

1939 ஜனவரியில் பெர்லினில் ஹிட்லருக்குப் புதிய அலுவலக மாளிகை கட்டி முடித்தார் அவருடைய கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஷ்பேர். அதில் ஒரு நீண்ட பளிங்குக் கூடம் இருந்தது. நீளம் 146 மீட்டர். பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனையில் இருக்கும் புகழ்பெற்ற கண்ணாடிக் கூடத்தைப் போல இரண்டு மடங்கு. ஹிட்லரைச் சந்திக்க வரும் வெளிநாட்டுத் தூதர் முதலில் முற்றம், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மண்டபங்கள், அதன்பின் இந்தக் கூடம் என்று நடந்தே தேய வேண்டும். வழவழப்பான தரையில் கம்பளம் விரிக்க ஹிட்லர் சம்மதிக்கவில்லையாம். வழுக்கும் தரையில் நடப்பது தூதர்களுக்குப் பழக வேண்டிய விஷயம்தானே என்றாராம். ஷ்பேரே பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். நடந்து முடித்து, சுமார் 400 சதுர மீட்டர் அறையின் கதவு திறக்கும்போது வந்தவர் ஏற்கெனவே பாதி ஆளாகியிருப்பார். அந்தக் கட்டடத்தின் வேலையே அதுதான்: 'நீ சிறியவன்' என்று சொல்வது.

போர் முடிந்தது. நாடு இரண்டானது. 1949இல் மேற்கு ஜெர்மனி என்ற புதிய குடியரசு பிறந்தபோது தலைநகராக பானைத் தேர்ந்தெடுத்தார்கள். என்றைக்காவது நாடு ஒன்று சேர்ந்தால் பெர்லினுக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில், வாடகை வீடு பார்ப்பது போலத் தற்காலிகமாகப் பார்த்த ஊர். புதிய அரசுக்கு ஒரு தலைவலி இருந்தது. எந்தப் பெரிய தூணை எழுப்பினாலும் ஷ்பேரின் நிழல் விழும். பழைய அரசர் பாணியில் கட்டினாலும் கேள்வி வரும். நாஜிகள் விரட்டிய ஒரு பாணி மட்டும் கை சுத்தமாக மிச்சமிருந்தது. அதுதான் நவீனத்துவம்.

1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி வந்தது. 1937 பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மனியின் கூடம் ஷ்பேர் கட்டிய கல் கோபுரம், உச்சியில் கழுகு. 21 வருடம் கழித்து பிரஸ்ஸல்ஸில் அதே நாட்டின் கூடம் தாழ்வான எட்டுக் கண்ணாடிப் பெட்டிகள், நடைபாதைகளால் இணைத்து, மரங்களுக்கு இடையில். 'நாங்கள் மாறிவிட்டோம், வந்து எட்டிப் பாருங்கள்' என்று ஒரு சொல் பேசாமல் சொன்ன கட்டடம். அதை வடிவமைத்தவர்கள் இருவர்: எகோன் ஐயர்மன், செப் ரூஃப்.

இந்த செப் ரூஃப்தான் நம் கதாநாயகர். 1908இல் முனிச்சில் பிறந்தவர். பவேரியாவில் டெகர்ன் ஏரிக்கரையில் அவருக்கு ஒரு வீடு உண்டு. பக்கத்தில் இன்னொருவருக்கும் அவரே வீடு கட்டிக் கொடுத்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் லுட்விக் எர்ஹார்ட், பொருளாதார அமைச்சர். போருக்குப் பிந்தைய 'பொருளாதார அதிசயத்தின்' தந்தை என்று பெயர் வாங்கியவர். உருண்டை முகம், வாயில் எப்போதும் சுருட்டு. 1963 அக்டோபரில் எர்ஹார்ட் சான்சலர் ஆனார். அதுவரை சான்சலராக இருந்த கொன்ராட் அடினாவர், 14 வருடமும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தன் சொந்த வீட்டிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். எர்ஹார்டுக்கு பானில் அப்படி வீடு இல்லை. அலுவலகமாக இருந்த ஷௌம்பூர்க் மாளிகையின் தோட்டத்தில், சான்சலர்களுக்கென்று ஒரு இல்லம் கட்டலாம் என்று முடிவானது. யாரைக் கூப்பிடுவது என்பதில் எர்ஹார்டுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

இரண்டு சதுரம்

1964 நவம்பரில் வீடு தயார். ஒரு தாளை எடுத்து ஒரு சதுரம் வரையுங்கள், அடுத்து அதைவிடக் கொஞ்சம் சிறிய இன்னொரு சதுரத்தை அதன் மூலையோடு சற்று விலக்கி ஒட்டுங்கள். வரைபடம் முடிந்தது. பெரியது பக்கத்துக்கு 24 மீட்டர், சிறியது 20 மீட்டர். இரண்டின் நடுவிலும் வானம் பார்த்த முற்றம்.

பெரிய சதுரம் நாட்டுக்கு. விருந்தினரை வரவேற்கும் கூடம், சாப்பாட்டு அறை, படிக்கும் அறை எல்லாம் இங்கே. இந்தப் பகுதி தோட்டத்தைப் பார்த்துக் கண்ணாடியாகத் திறந்து கிடக்கும். இடைச் சுவர்களில் சில நகரும். பெரிய விருந்து என்றால் அறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், நாலு பேர் பேச வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 'சுவருக்கு விடுதலை' என்பதை இங்கே கையால் தொட்டே பார்க்கலாம். எதையும் தாங்காத சுவர் மட்டும்தான் நகர முடியும்.

சிறிய சதுரம் குடும்பத்துக்கு. இங்கே ரூஃப் முற்றிலும் வேறு மாதிரி யோசித்திருக்கிறார். வெளிப்பக்கம் பெரும்பாலும் மூடிய செங்கல் சுவர். அறைகள் உள்ளே முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே இருப்பவருக்கு வெளிச்சத்துக்குக் குறைவில்லை. செட்டிநாட்டு வீட்டில் முன்கட்டு, இரண்டாம் கட்டு என்று பிரிப்பது போல, ஊரார் வரும் இடம் இது, வீட்டார் இருக்கும் இடம் இது என்று ஒரு கோடு. ஆனால் ஒரு குறை. நாட்டுக்கு ஒதுக்கிய இடம் தாராளம், வீட்டாருக்கு ஒதுக்கிய அறைகள் சிக்கனம். படுக்கையறைகள் ஒடுக்கமானவை. அரசியல்வாதிக்குச் சொந்த வாழ்க்கை குறைவுதான் என்று கட்டடக் கலைஞரே தீர்மானித்துவிட்டாரோ என்று தோன்றும்.

தரையில் டிராவர்டைன் சுண்ணாம்புக் கல். உட்கூரையில் மரப் பலகை. சுவரில் வெளிர் நிறச் செங்கல். இவ்வளவுதான் 'அலங்காரம்'.

எர்ஹார்ட் பூரித்துப் போனார். என் அரசியல் பேச்சைக் கேட்பதைவிட இந்த வீட்டைப் பார்த்தால் என்னை நன்றாகத் தெரிந்துகொள்ளலாம் என்ற பொருளில் சொன்னார். இந்த வாக்கியத்தை நான் கொஞ்சம் முக்கியமாக நினைக்கிறேன். ஷ்பேரின் மாளிகை 'நீ சிறியவன்' என்றது. இந்த வீடு 'நான் யார் என்று பார்த்துக்கொள்' என்கிறது. இரண்டுமே பேசும் கட்டடங்கள்தான். கட்டடம் எதுவும் பேசாமல் சும்மா இருப்பதில்லை.

குளம் கிளப்பிய அலை

வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அரசாங்கச் செலவில் கட்டிப் பார் என்று சொல்லவில்லை. செலவு சுமார் 20 லட்சம் மார்க் (மார்க் அப்போதைய ஜெர்மன் நாணயம்). அதைவிடப் பெரிய பேச்சு, சிறிய சதுரத்தின் முற்றத்தில் இருந்த நீச்சல் குளம். அதே எர்ஹார்ட்தான் அப்போது மக்களிடம் 'அளவோடு இருங்கள், செலவைக் குறையுங்கள்' என்று மேடைக்கு மேடை கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குத்தானா உபதேசம் என்று ஜனங்கள் கேட்காமல் இருப்பார்களா?

கிண்டல் பெயர்கள் முளைத்தன. ஷௌம்பூர்க் மாளிகையின் பெயரை லேசாகத் திருகி 'ஷௌம்பாட் மாளிகை' என்றார்கள். ஷௌம்பாட் என்றால் நுரைக் குளியல். லுட்விக் என்ற அவர் பெயரை வைத்து, 'லுட்விக்ஸ்லுஸ்ட்' என்ற பழைய அரண்மனை ஊரின் பெயரையும் சூட்டினார்கள். லுட்விக்கின் இன்பம் என்று பொருள் வரும்.

அடினாவருக்கு எர்ஹார்டைப் பிடிக்காது என்பது ஊரறிந்த ரகசியம். வீட்டையும் விடவில்லை. கட்டியவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஆளுக்குப் பத்து வருஷம் கொடுக்கலாம் என்றார். பத்து வருஷம் என்றது சிறையில். வீடு எரியக்கூட எரியாது என்று இன்னொரு குத்து. குரோப்பியஸ் போன்றவர்கள் ரூஃபுக்காக வாதாடினார்கள். வாதாடி என்ன, நுரைக் குளியல் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

என் கருத்தைக் கேட்டால் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அரண்மனை கட்டியிருந்தால் ஒருவேளை இவ்வளவு திட்டு வந்திருக்காது. அரண்மனையின் ஆடம்பரம் நமக்குப் பழகிப்போனது, கண்ணில் படாது. வெறுமையான சுவருக்கு இவ்வளவு செலவா என்றுதான் எரிச்சல் வரும். நவீனத்துவம் சாதாரண மக்களின் மனதுக்குள் முழுதாக நுழையாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்: அதன் ஆடம்பரம் ஆடம்பரமாகத் தெரியாது, அதன் எளிமை எளிய மனிதரின் எளிமையாகவும் இருக்காது.

வந்தவர்கள், வராதவர்கள்

எர்ஹார்ட் அந்த வீட்டில் இருந்தது இரண்டு வருடம். 1966 டிசம்பரில் பதவி போனது. இனி தொடங்குவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அடுத்து வந்த குர்ட் ஜார்ஜ் கீசிங்கருக்கு இந்த வெறுமை ஒத்துவரவில்லை. எர்ஹார்ட் காலத்து நவீன நாற்காலிகள் போய், பழைய பாணி மரச்சாமான்கள் உள்ளே வந்தன. 1969இல் வந்த வில்லி பிராண்ட் குடியேறவே இல்லை. வெளியுறவு அமைச்சராக இருந்தபோது கிடைத்த வீட்டிலேயே தங்கிவிட்டு, பங்களாவை விருந்துகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். 1974இல் வந்த ஹெல்முட் ஷ்மிட் மனைவியோடு இங்கே குடியிருந்தார். ஆனால் அவருடைய மனதுக்குச் சொந்தமான வீடு ஹாம்பர்க்கில் இருந்தது. 1982இல் வந்த ஹெல்முட் கோலின் குடும்ப வீடு லுட்விக்ஸ்ஹாஃபனில். அவருடைய ரசனைக்கும் ரூஃபின் ரசனைக்கும் காத தூரம். ஆனால் மற்ற எல்லோரையும்விட நீண்ட காலம் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவர் அவர்தான். 16 வருடம் ஆட்சி, தேர்தலில் தோற்ற பிறகும் 1999 வரை அங்கேயே.

இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். நவீனத்துவ வீடு வாங்கியதும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் வீடு அல்ல. சோபா எங்கே, விளக்கு எங்கே என்பது வரை கட்டியவரின் எண்ணம் இருக்கும். அந்த எண்ணம் உங்களுடையதாக இருந்தால் சொர்க்கம். இல்லையென்றால் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டது மாதிரி.

இதற்கு அமெரிக்காவில் பிரபலமான ஓர் உதாரணம் உண்டு. மீஸ் வான் டெர் ரோ, இல்லினாய் மாநிலத்தில் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற டாக்டருக்கு நான்கு பக்கமும் கண்ணாடியாக ஒரு வார விடுமுறை வீடு கட்டினார். 1951இல் முடிந்தது. இன்றைக்கு உலகப் புகழ். அந்த அம்மாவோ அதில் நிம்மதியாக இருக்கவில்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒரு குப்பைக்கூடை வைத்துக்கொள்ள முடியவில்லை, சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிறதே என்று புலம்பினார். கட்டியவரும் கட்டச் சொன்னவரும் கோர்ட்டு வரை போனார்கள். குப்பைக்கூடைக்கு இடம் இல்லாத தத்துவம் வீட்டுக்குள் எத்தனை நாள் நிற்கும்?

பானில் குப்பைக்கூடையைவிடப் பெரிய சிக்கல் வந்தது. 1977 இலையுதிர் காலம். செம்படைப் பிரிவு என்ற தீவிரவாதக் குழு, தொழிலதிபர் சங்கத் தலைவர் ஒருவரைக் கொலோன் நகரத்தில் பட்டப்பகலில் கடத்தியது, பிறகு கொன்றது. ஆறு வாரம் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பானின் அரசாங்கப் பகுதியில் கவச வண்டிகளும் ஆயுதக் காவலும் நின்றன. 'எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை' என்று சொல்லக் கட்டிய வீட்டுக்கு, 'உள்ளே யார் எங்கே இருக்கிறார் என்று வெளியே தெரியவே கூடாது' என்ற காலம் வந்துவிட்டது. வெளிப்படைத்தன்மையை ஒரு கொள்கையாகச் சொல்வது எளிது. கண்ணாடிக்குப் பின்னால் தலை சாய்த்துத் தூங்குவது வேறு.

ஆனாலும் இந்த வீட்டுக்கு ஒரு நல்ல இரவு உண்டு. 1989 ஜூன் மாதம் சோவியத் தலைவர் மிகயில் கோர்பச்சேவ் பானுக்கு வந்தார். பங்களாவில் இரவு விருந்து. அது முடிந்ததும் கோலும் கோர்பச்சேவும் தோட்டத்தின் வழியே ஆற்றை நோக்கி நடந்து, கரையோரத் தாழ்வான மதில்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ரைனைக் காட்டி கோல் சொன்னாராம்: இந்த ஆற்றை நீங்கள் அணை போட்டுத் தடுக்கலாம், அது கரையை உடைத்துக்கொண்டாவது கடலுக்குப் போகும், ஜெர்மனி ஒன்று சேர்வதும் அப்படித்தான். இது கோல் சொல்லித் தெரிந்த கதை என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் ஐந்தே மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த மதில் 146 மீட்டர் கூடத்தின் முடிவில் இருந்திருந்தால் இரண்டு பேரும் அப்படிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

எந்த வருடத்து வீடு?

நாடு ஒன்றானது, அரசாங்கம் பெர்லினுக்குப் போனது. பங்களா காலியானது. 2001இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். வூஸ்டன்ரோட் அறக்கட்டளை பொறுப்பெடுத்துப் புதுப்பித்து, 2009இல் பார்வையாளர்களுக்குத் திறந்தது. இன்று பானில் இருக்கும் சமகால வரலாற்று அருங்காட்சியகமான 'வரலாற்று இல்லம்' இதைப் பார்த்துக்கொள்கிறது.

புதுப்பிக்கும்போது ஒரு சுவையான கேள்வி வந்தது. எந்த வீட்டுக்குத் திருப்புவது? ரூஃப் வரைந்த 1964 வீட்டுக்கா, கீசிங்கர் மாற்றிய வீட்டுக்கா, கோல் 16 வருடம் புழங்கிய வீட்டுக்கா? கட்டடக்கலை ரசிகரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 1964 என்பார். வரலாற்றுக்காரர் விடமாட்டார், கோலின் காலத்தை அழித்தால் 1989ஐயும் சேர்த்தல்லவா அழிக்க வேண்டும்? கடைசியில் எர்ஹார்டின் வீடாக மட்டும் ஆக்காமல், பிறகு வந்தவர்களின் தடங்களையும் விட்டுவைத்தார்கள். அதனால் உள்ளே நடக்கும்போது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு மூலை இறுக்கமான நவீனத்துவம், இன்னொரு மூலை மாமா வீட்டு ஹால். என்னைக் கேட்டால் அதுதான் சரி. சுத்தமான நவீனத்துவ வீடு பார்க்க பார்சிலோனா இருக்கிறது. 1930இல் பிரித்தெடுத்த மீஸின் கூடத்தை 1980களில் அதே இடத்தில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை.

2014 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் ஜெர்மனி ஒரு வேடிக்கை செய்தது. வெனிஸில் இருக்கும் ஜெர்மன் கூடம் 1938இல் நாஜிகள் தங்கள் பாணியில் மாற்றியமைத்தது, உயரமான கல் தூண்களோடு. அதற்குள்ளே பான் பங்களாவின் ஒரு பகுதியை நிஜ அளவிலேயே செய்து நிறுத்தினார்கள். பெரிய தூண்களுக்கு நடுவே தாழ்வான கூரை, இரண்டும் ஒன்றையொன்று குத்திக்கொண்டு. இந்தக் கட்டுரையில் நான் இத்தனை பத்தி எழுதிச் சொன்னதை அவர்கள் ஒரே அறையில் காட்டிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் இதே கேள்வி ஒரு முறை எழுந்தது. சண்டிகர் நகரத்தை வடிவமைத்த நவீனத்துவக் கட்டடக் கலைஞர் லே கார்பூசியர், அங்கே ஆளுநர் மாளிகைக்கும் வரைபடம் போட்டிருந்தார். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் எழுந்தன. ஆளுநர் மாளிகை மட்டும் எழவில்லை. அவ்வளவு பெரிய மாளிகை ஜனநாயகத்துக்கு ஒத்துவராது என்பது நேருவின் எண்ணம்.

பான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நினைத்த நேரத்துக்குப் போய் நுழைய முடியாது. வழிகாட்டியோடு குழுவாகத்தான் கூட்டிப் போவார்கள், முன்பதிவு அவசியம். பழைய சான்சலர் அலுவலக வளாகத்தில் இன்றும் ஒரு மத்திய அமைச்சகம் இயங்குவதால், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே போனதும் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் தூண்களைத் தேடுங்கள். கூரை எதன்மேல் நிற்கிறது, எந்தச் சுவர் சும்மா நிற்கிறது என்று கண்ணால் பிரித்துப் பாருங்கள். பிறகு சிறிய சதுரத்தின் முற்றத்துக்கு வந்து அந்தப் புகழ்பெற்ற நீச்சல் குளத்தைப் பாருங்கள். அகலம் 3 மீட்டர், நீளம் 6 மீட்டர். நாலு கை வீச்சில் எதிர்க்கரை வந்துவிடும்.